உப்புவெளியில் வீட்டுச் சேர்வர்: கரண்ட் போய் வந்தால் தானாக எழும்ப வேணும், உப்புக் காத்தையும் தாங்க வேணும்

பச்சைலைட் எழுதியது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

வீடு திருகோணமலை உப்புவெளியில, கடற்கரையில இருந்து ஒரு 300 மீற்றர் தூரம். வீட்டு ஆக்களின்ட போன்களில இருக்கிற படம், வீடியோ எல்லாம் சேர்த்து 300 ஜிபி அளவு வரும். அதை இம்மிச் (சொந்தச் சேர்வரில ஓடுகிற படத் தொகுப்பு மென்பொருள்) போட்டு வீட்டிலயே வைக்கிறதுதான் முதல் நோக்கம். கூடவே ஆவணங்களை ஸ்கான் பண்ணி வைக்க பேப்பர்லெஸ், கடவுச்சொல் வைக்க வோல்ட்வார்டன், விளம்பரம் தடுக்க அட்கார்ட் ஹோம்.

கையில இருக்கிற சாமான்: பாவித்த லெனோவோ திங்க்சென்டர் எம்920கியூ (ஐ5-8500டி, 16 ஜிபி ராம், 256 ஜிபி என்விஎம்ஈ), 1 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க், 650 விஏ யூபிஎஸ் ஒன்று. யூபிஎஸ்ஸில யூஎஸ்பி வாய் இல்லை. இணையம் பைபர், ரவுட்டர் கம்பனி தந்தது. டெபியன் லினக்ஸும், மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரிச்சு ஓட்டுகிற டொக்கரும் போட்டாச்சு.

தெரிய வேண்டியது நாலு விஷயம். கரண்ட் நீண்ட நேரம் போனால் சேர்வர் ஒழுங்காக நிக்கவும், வந்ததும் ஆள் தொடாமல் எழும்பவும் என்ன செய்யிறது? உப்புக் காத்துக்குப் பெட்டியை எங்க, எப்படி வைக்கிறது? வெளியில இருந்து போர்ட் திறக்க முயன்றால் வேலை செய்யுதில்லை, ஏன்? கனடாவில இருக்கிற பெரியம்மாவும் படம் பார்க்க வேணும். நகல் எங்க வைக்கலாம்?

மூன்றாம்வயர் எழுதியது:

தம்பி, கரண்ட் விஷயத்தை மட்டும் சொல்றன், மற்றதை மற்றவை சொல்லுவினம்.

கரண்ட் போகேக்க சேர்வர் பழுதாகிறதை விட, கரண்ட் வந்த பிறகு எழும்பாமல் கிடக்கிறதுதான் கூட நடக்கிறது. முதல்ல பயோஸுக்குள்ள (பெட்டி எழும்பேக்க திறக்கிற அடிப்படை அமைப்பு) போய் பவர் பகுதியில 'ஆஃப்டர் பவர் லொஸ்' என்றதை 'பவர் ஒன்' என்று மாத்துங்கோ. 'லாஸ்ட் ஸ்டேட்' வேண்டாம். ஒழுங்காக ஷட்டவுண் ஆன பெட்டிக்குக் கடைசி நிலை ஓஃப்தானே, கரண்ட் வந்தாலும் அது ஓஃபிலயே இருக்கும்.

பலர் இதோட விட்டிடுவினம், பிரச்சினை இதுக்குப் பிறகுதான் இருக்கு. பத்தாவது நிமிஷம் சேர்வர் ஷட்டவுண் ஆகுது, இருபத்தைந்தாவது நிமிஷம் கரண்ட் வருது என்று வையுங்கோ. யூபிஎஸ் பற்றரியில இன்னும் சார்ஜ் இருக்கு, அடாப்டருக்கு 230 வோல்ட் ஒரு செக்கன்கூட நிக்கேல்ல. பெட்டியைக் கேட்டால் கரண்ட் போகவே இல்லை என்று சொல்லும். அப்ப 'பவர் ஒன்' எதுக்கு வேலை செய்யும்? ஒருத்தர் போய் பட்டனை அமத்தும் வரைக்கும் கிடக்கும்.

யூஎஸ்பி வாய் உள்ள யூபிஎஸ் என்றால் நட் என்ற மென்பொருள் இதைத் தீர்க்கும். சேர்வர் ஷட்டவுண் ஆகிற கடைசி நேரத்தில யூபிஎஸ்ஸுக்கே 'நீயும் வெளியீட்டை நிறுத்து, மெயின்ஸ் வந்தால் திருப்பிக் குடு' என்று சொல்லும். மலிவான யூபிஎஸ்ஸுகளுக்கு நட்டிஆர்வி-கியூஎக்ஸ் டிரைவர் பொருந்தும், பெயர் போன கம்பனிகளின்டது அநேகமாக யூஎஸ்பிஹிட்-யூபிஎஸ். ஓஃப்டிலே, ஒன்டிலே என்று இரண்டு எண் குடுக்க வேணும். ஒன்டிலே பெரிசாக இருக்க வேணும். 60 செக்கனும் 180 செக்கனும் போட்டால் சரி.

உங்கட யூபிஎஸ்ஸில வாய் இல்லை. அதுக்காக வேற வாங்கத் தேவையில்லை. ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினி ஒன்றை யூபிஎஸ்ஸில குடுக்காமல் நேரே சுவர்ப் பிளக்கில ஒரு போன் சார்ஜரில குடுங்கோ. அதுதான் சாட்சி. கரண்ட் இருந்தால் பை உயிரோட இருக்கும், போனால் செத்துப் போகும். இரண்டு வேலையை இதால செய்யலாம்.

ஒன்று: சேர்வர் நிமிஷத்துக்கு ஒருக்கா பையையும் ரவுட்டரையும் பிங் பண்ண (உயிரோட இருக்கா என்று கேட்க) வேணும். ரவுட்டர் பதில் தருது, பை தரேல்ல, இது தொடர்ந்து 10 தரம் நடந்தால் ஷட்டவுண். இரண்டுமே பதில் தராட்டி ஒன்றும் செய்யாதேங்கோ, அது வயர் கழண்ட கேஸ். பையை மட்டும் பிங் பண்ணி வைச்சால் சேர்வரின்ட லான் வயர் கழண்டாலே சேர்வர் நிண்டு போகும்.

இரண்டு: பை எழும்புது என்றாலே கரண்ட் வந்திட்டுது என்று அர்த்தம். எழும்பி 5 நிமிஷம் கழிச்சு சேர்வருக்கு வேக்-ஒன்-லான் (லான் வயரால எழுப்புகிற) பாக்கெட் அனுப்பச் சொல்லி ஒரு சின்ன சேவை எழுதி விடுங்கோ. அந்த 5 நிமிஷத்தைக் குறைக்காதேங்கோ. கரண்ட் வந்து, போய், திரும்ப வந்து நிலைக்கிறதுதான் வழமை. பை திடீர் திடீரென்று சாகிற ஆள், அதால ராஸ்பி-கொன்பிக்கில ஓவர்லே கோப்பு முறையைப் போட்டு எஸ்டி கார்டை வாசிக்க மட்டும் விடுங்கோ. இல்லாட்டி ஆறு மாதத்தில கார்ட் போயிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு ரவுட்டர் சேர்வரை விடக் கூட நேரம் நிக்க வேணும். ரவுட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று தனிய வாங்கி வையுங்கோ.

இப்ப நேரக் கணக்கு. 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள்ள அநேகமாக 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பற்றரிதான். பெருக்கினால் 84 வாட்-அவர். அதில வெளியால எடுக்கக் கூடியது 50 அளவு. சேர்வர் 15 வாட், இன்வேட்டர் தான் தின்னிறது 10 தொடக்கம் 15 வாட். புதுப் பற்றரி என்றால் ஒன்றரை மணித்தியாலம் கடக்கும். ஆனா பற்றரியின்ட ஆயுள் 25 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. ஒவ்வொரு 10 பாகை கூடவும் ஆயுள் பாதியாகும். ஜூன், ஜூலையில எங்கட வீட்டு அறைகள் 33, 34இல நிக்கும்போது இரண்டு வருஷத்தோட பற்றரியை மாத்த யோசியுங்கோ. மாத்தின திகதியை மார்க்கரால பெட்டியில எழுதுங்கோ.

சில பேர் அதே யூபிஎஸ்ஸில கார் பற்றரி கொழுவி நாலைந்து மணித்தியாலம் எடுக்கப் பாக்கிறவை. மலிவு யூபிஎஸ்ஸின்ட டிரான்ஸ்போமர் பத்து இருபது நிமிஷத்துக்குச் செய்தது. மணிக்கணக்கில ஓடினால் சூடேறிக் கருகும். நெருப்பு விஷயம், விளையாட வேண்டாம்.

இன்னொன்று, எர்த். எம்920கியூ அடாப்டர் மூன்று பின். பழைய வீட்டு உருண்டைப் பின் சொக்கெட்டுக்கு ஏற்ற இரண்டு பின் மாத்தி ஒன்றைப் போட்டால் எர்த் அறுந்து போகும். பெட்டியின்ட இரும்பைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறது அதாலதான். எர்த் இல்லாத இடத்தில ஸ்பைக் காட் வாங்கியும் பெரிசாகப் பிரயோசனம் இல்லை. அதுக்குள்ள இருக்கிற வேரிஸ்டர் மின்னல் அதிர்ச்சியை எர்த்துக்குத்தான் தள்ளப் பாக்கும். தள்ள எர்த் வேணுமே.

கச்சான்காத்து எழுதியது:

300 மீற்றர் என்றால் உப்பு கட்டாயம் வரும். எப்ப வருது என்றதைத் தெரிஞ்சு கொள்ளுங்க. கச்சான் (தென்மேல் பருவக்காத்து) அடிக்கிற மாதங்களில காத்து தரைப் பக்கத்தால வரும், சூடும் புழுதியும்தான் தொல்லை. வாடை (வடகீழ்ப் பருவக்காத்து) தொடங்கினால் காத்து நேரே கடலில இருந்து, மழை ஈரத்தோட, உப்புத் தூவலைக் கொண்டு வந்து கொட்டும். அதனால பெட்டியைக் கடல் பக்க ஜன்னல் அறையில வைக்காதீங்க. வீட்டின்ட நடுவில, மேற்குப் பக்க உள்ளறையில, தரையில இருந்து இடுப்பு உயரத்தில வைங்க. குசினிக்குப் பக்கத்தில வேண்டாம். எண்ணெய்ப் புகையும் உப்பும் சேர்ந்தால் பேன் இறக்கையில பசை மாதிரி பிடிக்கும்.

உப்பு காய்ஞ்சு கிடந்தால் போர்டுக்கு ஒன்றும் செய்யாது. காத்தின்ட ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காத்தில இருந்து தண்ணியை இழுத்துக் கரையும். அந்தக் கரைசல்தான் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். இதில இருந்து ஒரு முடிவு வருது, பலருக்கு அது தலைகீழாகத் தெரியும்: கரண்ட் மிச்சம் பிடிக்க இரவில நிப்பாட்டி வைக்கிற பெட்டிதான் முதல்ல பழுதாகும். ஓடிக் கொண்டிருக்கிற போர்ட் அறையை விட 10, 15 பாகை சூடாக இருக்கிறதால அதைச் சுத்தின காத்து காய்ஞ்சிருக்கும். நிப்பாட்டினால் ஆறும், ஈரம் படியும். எம்920கியூ சும்மா நிக்கேக்க 10 வாட் அளவுதான் எடுக்கும். 10 வாட் 24 மணித்தியாலம் 30 நாள் என்றால் 7.2 யுனிட். உங்கட மாத பில் 60, 90, 120 என்ற படிகளில ஒன்றுக்குக் கிட்ட நிக்குதோ என்று மட்டும் பாருங்க. 7 யுனிட்டின்ட விலை சின்னது, படி தாண்டினால் நிலைக் கட்டணமும் சேர்ந்து ஏறும்.

காத்து புகாத பெட்டிக்குள்ள மூடி வைக்கிற யோசனை வேண்டாம், வெந்து போகும். பேன் மெதுவாகச் சுத்தினால் உள்ளே போகிற உப்பும் குறையும். அதுக்கு டர்போவை (சிபியு வேகத்தைக் கொஞ்ச நேரம் கூட்டுகிற வசதி) நிப்பாட்டி விடுங்க. இன்டெல் பி-ஸ்டேட் அமைப்பில 'நோ டர்போ' என்ற கோப்பில 1 எழுதினால் போதும், படம் பார்க்கிறதில ஒரு வித்தியாசமும் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு தரம், வாடைக்கு முதலும் பின்னும், திறந்து காய்ஞ்ச தூரிகையால தட்டுங்க. ராம் பல்லையும் டிஸ்க் வயர் முனையையும் 99 சதவீத ஐசோபுரப்பைல் அல்ககோலால துடையுங்க. மருந்துக் கடை ஸ்பிரிட்டில தண்ணி கூட, அது வேண்டாம்.

உப்பு முதல்ல பிடிக்கிறது நெட்வேர்க் வயர் முனையைத்தான். அடையாளம் எப்படி என்றால், கிகாபிட் இணைப்பு திடீரென்று 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிக்கும். கிகாபிட்டுக்கு நாலு சோடியும் வேணும், 100க்கு இரண்டு சோடி போதும். மற்ற இரண்டு சோடியில ஒரு பின் அரிச்சால் இணைப்பு அறாது, வேகம் மட்டும் விழும். ஆரும் கவனிக்க மாட்டினம். ஈத்டூல் என்ற லினக்ஸ் கட்டளையில ஸ்பீட் வரியைப் பாருங்க. வயர் வாங்கேக்க அலுமினியத்தில செம்பு பூசினதைத் தவிருங்க, கடற்கரையில அது நிலைக்காது. முனையைக் கத்தியால சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைத் தூக்கினாலும் பாரம் குறைவாக இருக்கும்.

இதே மாதிரித்தான் டிஸ்க்கும். டிஸ்க் தன்ட நலத்தைத் தானே பதிகிற ஸ்மார்ட் அட்டவணையில 199ஆவது எண் ஏறினால் டிஸ்க்கைத் தூக்கி எறியாதீங்க, அது வயரிலயோ முனையிலயோ இருக்கிற பிழை. 5, 197, 198 ஏறினால்தான் டிஸ்க் சாகப் போகுது.

வெருகல்கரை எழுதியது:

அந்த 1 டிபி யூஎஸ்பி டிஸ்க்கை முதன்மை இடமாகப் பாவிக்காதேங்கோ. 2.5 அங்குல யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகள் அநேகமாக எஸ்எம்ஆர் வகை (பதிவுத் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிகிறதால திருப்பி எழுத மெதுவு). இம்மிச் ஆயிரக்கணக்கில சின்னப் படங்கள் எழுதேக்க தவழும். கரண்ட் ஏற்ற இறக்கத்தில யூஎஸ்பி ஒரு நொடி விழுந்து எழும்பினால் டிஸ்க் வேற பெயரில வந்து நிக்கும். எம்920கியூவில என்விஎம்ஈயோட ஒரு 2.5 அங்குல சாட்டா இடமும் இருக்கு. 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று அதுக்குள்ள போடுங்கோ. பாவித்த பெட்டிகளில அந்த டிஸ்க் தட்டும் தட்டை வயரும் கழட்டி வித்திருப்பினம், எஸ்எஸ்டி வாங்க முதல் மூடியைத் திறந்து இருக்கா என்று பாருங்கோ. 300 ஜிபி படத்துக்கு சிறுபடமும் மாத்தின வீடியோவும் சேர்த்து 10 தொடக்கம் 20 சதவீதம் கூட வரும், 1 டிபி தாராளம். டேட்டாபேஸ் கட்டாயம் என்விஎம்ஈயில. எல்லாம் ஈஎக்ஸ்டி4.

இப்ப எல்லாரும் ஒருக்காவாவது மாட்டுப்படுகிற இடம். கரண்ட் வந்து பெட்டி எழும்பேக்க டேட்டா டிஸ்க் மவுண்ட் ஆகேல்ல (தன்ட ஃபோல்டரில இணையேல்ல) என்று வையுங்கோ. எஃப்எஸ்டேபில (எந்த டிஸ்க்கை எங்க இணைக்கிறது என்ற பட்டியல்) 'நோஃபெயில்' போட்டிருந்தால் லினக்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் எழும்பும், டொக்கரும் எழும்பும். மவுண்ட் ஆக வேண்டிய இடத்தில வெறும் ஃபோல்டர் இருக்கும். இம்மிச் சில நேரம் தன்ட அடையாளக் கோப்பைக் காணேல்ல என்று நிண்டிடும், அது நல்லது. பேப்பர்லெஸ் போல மற்றதுகள் அந்த வெறும் ஃபோல்டருக்குள்ளேயே எழுதத் தொடங்கும். 256 ஜிபி நிரம்பும், பிறகு டேட்டாபேஸும் படுக்கும். அடுத்த தரம் டிஸ்க் சரியாக மவுண்ட் ஆனால் இடையில எழுதினதெல்லாம் அதுக்குக் கீழ மறைஞ்சு போகும். காணாமல் போச்சு என்று தலையில அடிப்பீங்கள், உண்மையில அடியில கிடக்கும்.

'நோஃபெயில்'ஐ எடுக்க வேண்டாம், அது இல்லாட்டி டிஸ்க் பிழைக்கேக்க பெட்டி அவசர நிலையில நிண்டு எஸ்எஸ்ஹெச்சும் வராது. செய்ய வேண்டியது இரண்டு. டிஸ்க்கைக் கழட்டி வைச்சிருக்கேக்க வெறும் ஃபோல்டருக்கு சிஎச்ஏட்டர் கட்டளையால 'பிளஸ் ஐ' குறி போடுங்கோ, ரூட் பயனரால கூட அதுக்குள்ள எழுதேலாது. டொக்கர் சேவைக்கு சிஸ்டம்டியில (லினக்ஸில சேவைகளைத் தொடக்குகிற பகுதி) ஒரு துணைக் கோப்பு எழுதி 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபோர்' வரியில அந்த இடத்தைக் குடுங்கோ. மவுண்ட் இல்லாட்டி டொக்கரே தொடங்காது. தொடங்காத சேர்வரைக் கண்டுபிடிக்கலாம், பிழையான இடத்தில எழுதுகிற சேர்வரைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

இம்மிச்சில முதல் நாள் முகம் தேடுகிற வேலை, ஸ்மார்ட் தேடல் வேலை எல்லாம் ஒன்றாக ஓடும். ஜொப் அமைப்பில ஒவ்வொன்றின்ட கொன்கரன்சியையும் (ஒரே நேரத்தில ஓடுகிற எண்ணிக்கை) 1 ஆக்குங்கோ. இரண்டு மூன்று நாள் எடுக்கட்டும், சூடேறாது. தமிழில தேட வேணும் என்றால் தொடக்கத்தில வாற கிளிப் மொடல் (சொல்லையும் படத்தையும் பொருத்துகிற ஏஐ) ஆங்கிலம் மட்டும்தான். எக்ஸ்எல்எம்-ரொபேர்ட்டா வகைப் பன்மொழி மொடல் ஒன்றைத் தெரிவு செய்து, ஸ்மார்ட் தேடலை எல்லாப் படத்துக்கும் திருப்பி ஓட விடுங்கோ. 16 ஜிபி ராம் தாங்கும். 'கோணேசர் கோயில்' என்று தேடினால் அதுக்கு எங்கட கோயில் தெரிய நியாயமில்லை. 'கடற்கரையில மான்' என்று தேடிப் பாருங்கோ, பிரெட்றிக் கோட்டைப் பக்கம் எடுத்தது எல்லாம் வரிசையாக வரும்.

பேப்பர்லெஸ்ஸுக்கும் தமிழ் சொல்லிக் குடுக்க வேணும். சூழல் மாறிகளில பன்மையில ஒன்று இருக்கு, ஓசிஆர் லாங்குவேஜஸ் (ஓசிஆர் என்றால் படத்தில உள்ள எழுத்தை வாசிக்கிறது), அதில தமிழின்ட மூன்று எழுத்துக் குறியைக் குடுத்தால் மொழிப் பொதி இறங்கும். ஒருமையில உள்ள ஓசிஆர் லாங்குவேஜில தமிழும் ஆங்கிலமும் கூட்டல் குறி போட்டு குடுங்கோ. பன்மையை மட்டும் குடுத்திட்டு ஏன் வாசிக்குதில்லை என்று கேக்கிற ஆக்கள் கன பேர்.

அட்கார்ட் ஹோமைக் கடைசிக்கு வையுங்கோ. அது சேர்வரில ஓடி, ரவுட்டர் முழு வீட்டுக்கும் அதையே டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாத்துகிற சேவை) என்று குடுத்தால், கரண்ட் போய் பத்தாவது நிமிஷம் சேர்வர் நிக்க, மினி யூபிஎஸ்ஸில ரவுட்டர் ஓடியும் ஆருக்கும் இணையம் இராது. இரண்டாவது டிஎன்எஸ்ஸாக வெளி முகவரி குடுத்தால் காப்பு என்று நினைக்காதேங்கோ, போன்கள் இரண்டையும் மாறி மாறிப் பாவிக்கும், விளம்பரம் பாதி வரும். மூன்றாம்வயர் சொன்ன சாட்சிப் பையிலயும் போடேலாது, அது முதல் ஆளாகச் சாகிற ஆள்.

வெள்ளைமணல் எழுதியது:

போர்ட் திறபடாததுக்குக் காரணம் அநேகமாக சிஜிநாட். ரவுட்டர் பக்கத்தில வான் ஐபி (கம்பனி ரவுட்டருக்குத் தந்த முகவரி) என்ன என்று பாருங்க. 100.64 தொடக்கம் 100.127 வரைக்கும் ஏதாவது ஒன்றில தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பனி பகிர்ந்து தருது. ரவுட்டரில எத்தனை போர்ட் திறந்தாலும் கம்பனிப் பக்கத்துக் கதவு பூட்டித்தான் இருக்கும். பொது ஐபி தனியாகக் கேட்டு வாங்கலாம், மாதக் கட்டணம் வரும். எனக்கு அது தேவையென்று படேல்ல.

வீட்டு ஆக்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (உங்கட கருவிகளுக்கு மட்டும் உள்ள தனிப் பாதை). சேர்வரிலயும் போன்களிலயும் போட்டால் சிஜிநாட்டைத் தாண்டித் தானே வழி கண்டுபிடிக்கும். குழம்ப வேண்டாம், டெயில்ஸ்கேலும் தன்ட முகவரிகளை அதே 100.64 வரிசையிலதான் தரும். நிலை கேட்கிற கட்டளையில சேர்வருக்கு நேரே 'டிரெக்ட்' என்று இருந்தால் வேகம் வரும். 'ரிலே' என்று இருந்தால் வேற நாட்டு இடைச் சேர்வரால சுத்திப் போகுது, வீடியோ இழுபடும். இம்மிச் ஆப்பில வீட்டு வைபைக்கு ஒரு முகவரி, வெளிக்கு ஒன்று என்று இரண்டு குடுக்கிற வசதி இருக்கு. வைபை பெயரை வாசிக்க இடம் அறியும் அனுமதி கேக்கும், குடுத்தால்தான் மாறும்.

பெரியம்மாவின்ட போனில விபிஎன் போட்டு விளங்கப்படுத்துற வேலை வேண்டாம். அவவுக்கு ஒரு அல்பத்தின்ட பகிர்வு லிங்க் போதும். அதுக்கு சொந்த டொமைன் ஒன்றும் கிளவுட்பிளேர் டனலும் (அந்தக் கம்பனியின்ட சேர்வர் வழியாக உங்கட சேர்வருக்கு வாற பாதை) வேணும். இலவசத் திட்டத்தில ஒரு தரம் மேலேற்றுகிற அளவு 100 எம்பிக்கு மேல போகேலாது. பார்க்கிற ஆளுக்கு அது தடையில்லை. ஆனா உங்கட போன் ஆப்பையே அந்த முகவரியில விட்டீங்கள் என்றால் படம் எல்லாம் ஏறும், பெரிய வீடியோ மட்டும் 413 (அளவு கூட) பிழையோட நிக்கும்.

மூன்றாம்வயர் எழுதியது:

டனல் எனக்குப் பிடிக்காது. பூட்டின தொடர்பு அவையின்ட சேர்வரில திறந்து திரும்பப் பூட்டப்படுகுது, நடுவில எல்லாம் வெளிச்சம். சிங்கப்பூரில சின்ன விபிஎஸ் (வாடகைச் சேர்வர்) ஒன்று எடுத்து வயர்கார்ட் என்ற விபிஎன்னால இணைச்சால் 100 எம்பி தடையும் இல்லை. வீட்டுப் பக்கத்தில கீப்அலைவ் 25 (25 செக்கனுக்கு ஒருக்கா ஒரு சைகை) போட வேணும், இல்லாட்டி சிஜிநாட் இணைப்பை மறந்திடும்.

வெள்ளைமணல் எழுதியது:

அண்ணா சொல்றது சரி, ஆனா விபிஎஸ்ஸை மாதா மாதம் அப்டேட் பண்ணிப் பாக்க ஆள் வேணும். கவனிக்காமல் விட்ட விபிஎஸ் டனலை விட மோசம். பெரியம்மாவுக்குப் படம் காட்ட டனல் காணும். வோல்ட்வார்டனை மட்டும் இரண்டாலயும் வெளியில விடாதீங்க, டெயில்ஸ்கேலுக்குள்ளேயே வைங்க. அது எச்டிடிபிஎஸ் இல்லாமல் திறபடாது. டெயில்ஸ்கேல் தாற பெயருக்கே சான்றிதழ் எடுக்கலாம்.

பச்சைலைட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வான் ஐபி 100.80 வரிசை, அப்ப சிஜிநாட்தான். தட்டும் வயரும் பெட்டிக்குள்ள இருக்கு.

பையில இருந்து வேக்-ஒன்-லான் அனுப்பிப் பார்த்தால் சேர்வர் எழும்புதில்லை. பயோஸில வேக்-ஒன்-லான் எனேபிள் என்றுதான் இருக்கு. நகல் பற்றியும் ஆராவது சொல்லுங்கோ.

மூன்றாம்வயர் எழுதியது:

அதே பயோஸில பவர் பகுதியில 'என்ஹான்ஸ்ட் பவர் சேவிங் மோட்' இருக்கும், அதை டிசேபிள் பண்ணுங்கோ. அது ஒன் ஆக இருந்தால் ஷட்டவுண் ஆனதும் லான் கார்டுக்குக் கரண்டே போகாது. பெட்டி நிண்ட பிறகு லான் வாயில விளக்கு மினுங்குதா என்று பார்த்தால் தெரியும். பிறகு ஈத்டூலில வேக்-ஒன் வரியில 'ஜி' வர வேணும். 'டி' என்றால் லினக்ஸ் ஓஃப் பண்ணி வைச்சிருக்கு, ஒவ்வொரு பூட்டிலயும் 'ஜி' போடுகிற மாதிரி எழுதி விடுங்கோ.

பற்றரி முழுக்கத் தீர்ந்து எல்லாமே செத்த நேரத்தில லான் கார்ட் காத்திருக்காது. அந்த நேரத்துக்குத்தான் 'பவர் ஒன்'. இரண்டும் வேணும்.

வெருகல்கரை எழுதியது:

நகல். எஸ்எஸ்டியில ஒன்று, அந்த 1 டிபி யூஎஸ்பி டிஸ்க்கில ஒன்று, வேற ஊரில ஒன்று. ஒரே வீட்டில நாலு டிஸ்க் வைச்சாலும் அது ஒரு இடம்தான். 1964 புயலையும் 2004 டிசம்பரையும் கண்ட கரைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வவுனியாவிலயோ கண்டியிலயோ சொந்தக்காரர் வீட்டில பழைய மினி பிசி ஒன்றும் டிஸ்க்கும், டெயில்ஸ்கேல் போட்டு. நகல் எடுக்கிற மென்பொருள் ரெஸ்டிக்.

முதல் நகலை இணையத்தால அனுப்பாதேங்கோ. மேலேற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் 300 ஜிபிக்கு 67 மணித்தியாலம், பக்கேஜின்ட டேட்டாவும் கரையும். டிஸ்க்கை இங்க கொழுவி நிரப்பி, பஸ்ஸில கொண்டு போய் அங்க கொழுவுங்கோ. பிறகு ஒவ்வொரு இரவும் புதுப் படம் மட்டும் போகும்.

இம்மிச் தானாக ஒவ்வொரு நாளும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை ஒரு கோப்பாக எடுத்து வைக்கும், கடைசி 14 நிக்கும். ரெஸ்டிக்கை 3 மணிக்குப் போடுங்கோ. ஒழுங்கு முக்கியம்: முதல்ல டேட்டாபேஸ், பிறகு படங்கள். மாறிச் செய்தால் டேட்டாபேஸில பெயர் இருக்கும், நகலில படம் இராது. மாதம் ஒருக்கா ரெஸ்டிக்கின்ட செக் கட்டளையை 5 சதவீதம் வாசிக்கச் சொல்லி ஓட்டுங்கோ. கடவுச்சொல்லைப் பேப்பரில எழுதி வீட்டு உறுதியோட வையுங்கோ. வோல்ட்வார்டனுக்குள்ள மட்டும் வைச்சால், சேர்வர் போன அண்டைக்கு அதைத் திறக்கிற சொல்லும் அதோட போயிடும்.

யூஎஸ்பி டிஸ்க்கைக் கொழுவியே வைக்காதேங்கோ. கிழமைக்கு ஒருக்கா கொழுவி எடுத்து, இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில சிலிக்கா ஜெல்லோட. நிறம் மாறுகிற ஜெல் என்றால் எப்ப காய வைக்க வேணும் என்று தெரியும்.

பச்சைலைட் எழுதியது:

பவர் சேவிங் மோட்தான். ஓஃப் பண்ணினதும் எழும்புது. கடைசியாக ஒன்று: கேற்றடியில ஒரு போஈ (லான் வயராலயே கரண்ட் எடுக்கிற) கேமரா பூட்டி, சேர்வர் கொழுவியிருக்கிற அதே லான் சுவிட்சில குடுக்க யோசினை. மின்னல் காலத்தில சிக்கலோ?

மூன்றாம்வயர் எழுதியது:

ஓம், பெரிய சிக்கல். ஏப்பிரலிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் கிட்ட எங்கயாவது மின்னல் விழுந்தால் வெளியில ஓடுகிற 20 மீற்றர் செப்பு வயர் ஏரியல் மாதிரி அதிர்ச்சியைப் பிடிச்சுச் சுவிட்சுக்குள்ள கொண்டு வரும். சேர்வரின்ட பிளக்கைக் கழட்டி வைச்சாலும் லான் வயரால போயிடும்.

கேமராவுக்குத் தனிப் போஈ சுவிட்ச் ஒன்று வையுங்கோ. அதுக்கும் சேர்வர் சுவிட்சுக்கும் நடுவில செப்பு வயர் போடாமல் இரண்டு மீடியா கொன்வேர்ட்டரும் (செப்பு வயரைப் பைபராக மாத்துகிற பெட்டி) 3 மீற்றர் பைபர் வயரும் போடுங்கோ. கண்ணாடி கரண்டைக் கடத்தாது. ஒற்றை இழை வகை வாங்கினால் ஏ ஒன்று, பி ஒன்று என்று சோடியாகக் கேளுங்கோ. ஒன்று 1310 நானோமீற்றரில அனுப்பி 1550இல கேட்கும், மற்றது மாறி. இரண்டு ஏ வாங்கிக் கொழுவினால் இரண்டும் கதைக்கும், ஒன்றும் கேட்காது.